எண்பதில் குதிக்கிற வண்டி

உட்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க. அப்பா ஆர்.சி. புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறார். முக்கு வரைக்கும்தான். ஆனால் அங்கே கரண்ட் இருக்க வேண்டும், மெஷினில் தாள் இருக்க வேண்டும், கடைக்காரர் சாப்பிடப் போகாமல் இருக்க வேண்டும். அதனால் நேரமாகும். அம்மா அடுப்படியில் உங்களுக்கு வடை போடுகிறாள். இதற்கு முன்னால் வண்டி பார்க்க வந்த மூணு பேருக்கும் வடை போட்டாள். மூணு பேரும் வடையைத் தின்றுவிட்டு வண்டி வேண்டாம் என்று போய்விட்டார்கள். நீங்க நாலாவது.

வண்டியைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு. கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். நீங்க கேட்டுவிட்டீங்க. வாங்கிப் பதினாலு மாதம், ஓடினது ஒன்பதாயிரம் கிலோமீட்டர், மேலே ஒரு கீறல் இல்லை, பிறகு ஏன் விற்கிறீங்க என்று. நியாயமான கேள்வி. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பிளஸ் ஒன் பாதியில் ஏன் நின்றாய் என்று ஊரே கேட்டது. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லியிருந்தால் ஐயோ பாவம் என்று போயிருப்பார்கள். போரடித்தது, நின்றுவிட்டேன் என்று சொன்னேன். எங்கள் பெரியம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

அதற்குப் பிறகு சும்மா இருந்தேன் என்று நினைக்காதீங்க. தையல் வகுப்பு ஆறு வாரம் போனேன். கம்ப்யூட்டர் சென்டர் மூணு வாரம். கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை பதினோரு நாள். எல்லா இடத்திலும் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று எனக்கு முதல் வாரமே தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் அங்கேயே எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும், சொல்லுங்க. இப்போது பதினெட்டு முடிந்து எட்டு மாதம். லைசென்ஸ் எடுத்து நாலு மாதம். அது மட்டும் முதல் தடவையிலேயே கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி எண்பதில் குதிக்கிறது. இது அப்பா சொல்கிற காரணம்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு இது விளங்கும். அய்யாத்துரை டிரைவர் என்று கோவில்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பத்தொரு வருஷம் கவர்மெண்ட் பஸ். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. அதைவிடப் பெரிய விஷயம், டீசல் மிச்சம் பிடித்ததற்கு மூணு தடவை மெடல் வாங்கினவர். அந்தா சுவரில் தொங்குகிறதே, அதுதான். கீழே இருக்கிற கடிகாரமும் டீசலுக்குக் கொடுத்ததுதான். அது ஓடாது.

எப்படி மிச்சம் பிடித்தார் என்றால், ரெண்டு வித்தை. ஒன்று, இறக்கம் வந்தால் கியரை எடுத்து நியூட்ரலில் விட்டுவிடுவார். பஸ் தன் பாட்டுக்கு உருளும். இங்கிருந்து மதுரை வரைக்கும் எந்த இறக்கத்தில் எடுக்கணும், எந்தப் பாலத்துக்கு முன்னால் திரும்பப் போடணும் என்று அவருக்கு மனப்பாடம். அப்படி விடக் கூடாது என்று டிப்போவிலேயே எழுதிப் போட்டிருந்தார்களாம். எல்லாரும் படித்தார்களாம். மெடல் என்னவோ அப்படி விட்டவருக்குத்தான் கிடைத்தது. இரண்டாவது வித்தை, சமதளத்தில் காலை ஒரு இடத்தில் வைக்கவே மாட்டார். மிதி, விடு. மிதி, விடு. கால் ஒரே இடத்தில் நின்றால் டீசல் கொட்டும் என்பார்.

முப்பத்தொரு வருஷம் கிளச் மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. ரிட்டயர் ஆன மாதம் மஸ்கட்டிலிருந்து எங்கள் அண்ணன் இந்த வண்டியை வாங்கிக் கொடுத்தான். கிளச்சே கிடையாது, கியரை அதுவே போட்டுக்கொள்ளும், இடது காலை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டுங்க என்றான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கை சொல்லாமல் கியர் விழுந்தால் அது பேய் என்றார். அண்ணன் மனசு நோகுமே என்று போனில் மட்டும் நல்லா இருக்குப்பா என்றார்.

முதல் நாள் டோல்கேட்டில் பழக்க தோஷத்தில் கிளச் என்று இடது காலால் ஓங்கி மிதித்தார். அங்கே இருந்தது பிரேக். பின்னால் வந்துகொண்டிருந்த வேன்காரன் இறங்கி வந்து, அய்யா நீங்க எந்த ஊர் என்று கேட்டான். அம்மா நெற்றியில் கோலிக்குண்டு மாதிரி வீக்கம். அதிலிருந்து இடது காலைச் செருப்போடு சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொண்டு ஓட்டினார். அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

தீராதது நாலுவழிச் சாலையில் வந்தது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் இல்லை. சாலையில் ஏறி எண்பது தொட்டதும் ஆரம்பிக்கும். ஊஊ என்று கத்தும், அப்புறம் அடங்கும். மறுபடி ஊஊ, மறுபடி அடங்கும். நாம் முன்னால் ஒரு தடவை சாய்வோம், பின்னால் ஒரு தடவை சாய்வோம். சாத்தூர் போவதற்குள் அம்மா ரெண்டு தடவை வாந்தி எடுப்பாள். எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டு வருவாள். அப்பா ஸ்டியரிங்கைத் தட்டி, பாத்தியா, கியர் தன் இஷ்டத்துக்கு மாறுது, கியர் பெட்டி கோளாறு என்பார்.

சர்வீஸுக்கு மூணு தடவை விட்டோம். அவர்கள் வயரைச் சொருகிக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்டார்.

சர்வீஸ் பையன் தாளை வாங்கி இன்னொரு சீல் குத்திக் கொடுத்தான்.

எனக்குத்தான் ஒன்றைக் கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராதே. பைபாஸ் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற லூர்து அண்ணனிடம் போய்க் கேட்டேன். கியர்பாக்ஸ் வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் சொன்னார், எண்பதில் ஒரே சீராகப் போனால் வண்டி கடைசி கியரில் போய்ப் படுத்துக்கொள்ளும். நீ காலைச் சடக்கென்று அழுத்தினால், ஓ, யாரையோ முந்தணும் போல என்று அது நினைக்கும். இழுவை வேண்டுமே என்று ஒரு கியர், ரெண்டு கியர் கீழே இறங்கும். அப்போது கத்தத்தான் செய்யும். அதற்குள் நீ காலை எடுத்துவிட்டால், சரி, முந்தவில்லை போல என்று மறுபடி மேலே ஏறும். அழுத்தி அழுத்தி எடுத்தால் அது ஏறி ஏறி இறங்கும். பாவம், வேறு என்ன செய்யும் என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா அடுப்படியில் கைவேலையாக இருப்பாள். அப்பா இங்கே உட்கார்ந்துகொண்டு ஏய் என்பார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். வந்ததும், ஒண்ணுமில்ல போ என்பார். அவள் போய்க் கரண்டியை எடுத்ததும் மறுபடி ஏய். எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக நடக்கிறதைத்தான் அந்தக் கியர்பாக்ஸுக்கும் செய்துகொண்டிருந்தார்.

ஆனால் அதோடு முடியவில்லை. சில இறக்கத்தில் ஒரு தடக் சத்தம் வரும். மிதிப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது என்ன என்று பார்க்கப் பின்சீட்டில் நடுவில் உட்கார ஆரம்பித்தேன். அங்கிருந்து பார்த்தால் முன்னால் ரெண்டு முள்ளும் தெரியும். வலது முள் வேகம். இடது முள் எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்பது. எண்பதில் சும்மா போனால் இடது முள் இரண்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். ஒரு நாள் சாத்தூர் இறக்கத்தில் பார்க்கிறேன், வலது முள் எண்பத்தைந்து, இடது முள் ஒன்றுக்கும் கீழே தூங்குகிறது. வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் அது அப்படி இருக்கும். எண்பத்தைந்தில் போகிற வண்டி எப்படி வாசலில் நிற்கும்? கியர் லிவரைப் பார்க்கலாம் என்றால் தெரியவில்லை. அதன் மேல் அப்பா துண்டு போட்டிருந்தார்.

வியர்வை துடைக்க என்று நினைத்திருந்தேன் அண்ணாச்சி, பதினாலு மாதமாக இல்லாவிட்டாலும் ஒரு பத்து மாதமாவது. ஏ.சி. வண்டியில் என்ன வியர்வை?

அதையும் லூர்து அண்ணனிடம் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இறக்கத்தில் கியரிலேயே விட்டுக் காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொள்ளும், இந்தக் காலத்து வண்டிக்கு அப்போது ஒரு சொட்டுப் பெட்ரோல் வேண்டாம். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணைந்துபோகாமல் இருக்கப் பெட்ரோல் குடித்தே ஆக வேண்டும். அதாவது அப்பா மிச்சம் பிடிக்கிறேன் என்று துண்டைப் போட்டு மூடிவிட்டு, செலவு பண்ணிக்கொண்டிருந்தார்.

இதை நான் நல்லபடியாகத்தான் சொல்ல நினைத்தேன். நல்லபடி என்றால் எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே விருதுநகரில் ஒரு கல்யாணம் வந்தது. திரும்பும்போது பிச்சைமணி மாமாவும் எங்களோடு ஏறிக்கொண்டார். அப்பா பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் கண்டக்டர். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்பாவைப் புகழ்ந்துகொண்டே வந்தார். அய்யாத்துரை கால் பட்டால் டீசலே பயப்படும் என்றார். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இறக்கம் வந்ததும் கை துண்டுக்குள் போனது. இடது முள் படுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி குறுக்கே வந்தது. விலகி முன்னால் போக அப்பா மிதித்தார். எஞ்சின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. எப்படி இழுக்கும், கியரில் இல்லையே. பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடிக்கிறது. அப்பா துண்டோடு சேர்த்து லிவரைத் தள்ளினார். தடால் என்று ஒரு உதை. அம்மா, முருகா என்றாள். லாரி போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை. அப்பா, பாத்தியா பிச்சை, பெட்டி கோளாறு என்றார்.

நான் பின்னாலிருந்து கையை நீட்டித் துண்டை உருவினேன்.

“பெட்டியில ஒண்ணும் இல்ல. நீங்கதான் நியூட்ரல்ல போட்டீங்க. நீங்க மிச்சம் பிடிக்கல, செலவு பண்றீங்க. குதிக்கிறது வண்டி இல்லப்பா, உங்க காலு.”

லூர்து அண்ணன் சொன்னது முழுவதையும் சொன்னேன். பாதியில் நிறுத்தினால் தப்பாகப் புரிந்துகொள்வார் என்று முழுவதும் சொன்னேன். பிச்சைமணி மாமா கோவில்பட்டி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். மறுநாள் காலையில் டீக்கடையில், அய்யாத்துரை மெடலைத் திருப்பிக் கொடுக்கப் போறாராமே என்று பேச்சு. சும்மா விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து அப்பா டீக்கடைக்குப் போவதில்லை. ஏன் என்று தெரியவில்லை. நான் உண்மையைத்தானே சொன்னேன். வீட்டு டீ பிடித்துப்போயிருக்கும்.

அந்த வாரமே வண்டியை விற்கிறேன் என்று ஆரம்பித்தார். அண்ணன் போனில் எவ்வளவோ சொன்னான், கேட்கவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. வாங்க வந்த மூணு பேரிடமும் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? உள்ளதைச் சொல்லிடணும், கியர்பாக்ஸ் கோளாறு, எண்பதில் குதிக்கும் என்றார். விற்க வேண்டிய ஆள் அவர்தான், வந்தவர்களை ஓட விட்டவரும் அவர்தான். கோளாறு பெட்டியில் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் காலில் என்று ஆகிவிடும் இல்லையா. ஒருத்தர் பாதி வடையைக் கையில் எடுத்துக்கொண்டே போனார்.

நானா? எனக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை. வண்டி இருந்தால் என்ன, போனால் என்ன. காலையில் துடைக்கிறேன், அது தூசி பிடிக்கக் கூடாதே என்று. லூர்து அண்ணன்தான் சொன்னார், ஊரில் நாலைந்து டீச்சர்மார் இருக்கிறார்கள், சொந்த வண்டி இருக்கிறது, நாலுவழிச் சாலையில் ஓட்டப் பயம், ஆம்பளை டிரைவரைக் கூப்பிடவும் யோசனை, நீ ஒரு வருஷம் இந்த வண்டியில் சாலை பழகிவிட்டால் ஆக்டிங் டிரைவராக உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று. ரெண்டு பேர் இப்பவே கேட்டுவிட்டார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவசரம் இல்லை. ஒரு நோட்டில் எந்த இடத்தில் எந்த வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்திருக்கிறேன், அது சும்மா பொழுதுபோக்கு. நாப்பது பக்கம் ஆகியிருக்கிறது.

போன வாரம் அம்மாவுக்குக் கண் காட்ட மதுரை போக வேண்டியிருந்தது. அப்பா ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று இருந்தார். அதனால் நான் ஓட்டினேன். ஓட்டுவது சுலபம் அண்ணாச்சி. எண்பது வந்ததும் பெருவிரலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், தூங்குகிற பிள்ளை மேல் கை வைத்த மாதிரி. மேடு வந்தால் ஒரு நெல்லளவு கூட. காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம். முள் அசையாது. வண்டி எந்தக் கியரில் போகிறது என்பதே மறந்துபோகும். அம்மா எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவர மறந்துவிட்டாள், அது பாதி தூரம் போன பிறகுதான் அவளுக்கே ஞாபகம் வந்தது. அப்பா பின்சீட்டில் இருந்தார். நடுவில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார், தப்புக் கண்டுபிடிக்கத்தான். சாத்தூர் தாண்டிக் கண்ணாடியில் பார்க்கிறேன், வாயைப் பிளந்து தூங்குகிறார். ஓடுகிற வண்டியில் அப்பா தூங்கி நான் பார்த்ததே இல்லை. வேறொருத்தர் ஓட்டினால் பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டே வருவார், அப்படிப்பட்ட ஆள். கண் ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பினேன். மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். காலையில் சளி மாத்திரை போட்டிருந்தார், அந்தத் தூக்கமாக இருக்கும்.

ஆகவே வண்டியில் ஒரு குறையும் இல்லை. கியர்பாக்ஸ் வெண்ணெய் மாதிரி. எண்பதில், தொண்ணூறில், எதில் வேண்டுமானாலும்...

ஏன் அண்ணாச்சி பாக்கெட்டில் கையை விடுறீங்க? அட்வான்ஸா?

இருங்க. இருங்க. நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னது இதற்குத்தானா? அம்மா சொன்னபோது எரிச்சலாக இருந்தது. நானே பெற்ற பிள்ளையைத் தொட்டிலோடு தூக்கிக் கொடுத்த கதையாக இருக்கிறதே.

கையை வெளியே எடுங்க அண்ணாச்சி. முழுவதும் கேளுங்க. பின்சீட்டில் அம்மா எத்தனை தடவை வாந்தி எடுத்திருக்கிறாள் என்று சொன்னேன் இல்லையா? மழை பெய்தால் இன்றைக்கும் வாடை வரும். டிக்கியை ரெண்டு தடவை ஓங்கிச் சாத்த வேண்டும். நிறம் வெயிலில் வேறு மாதிரி தெரியும். உங்களுக்கு முழங்கால் நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு எதற்கு ஆட்டோமேட்டிக்? கியர் போட்டு ஓட்டுவதுதான் ஆம்பளைக்கு அழகு என்று அப்பா சொல்வார்.

சரி, ஒரு யோசனை சொல்கிறேன். எனக்காக இல்லை. அப்பாவுக்காகவும் இல்லை, சும்மா வீட்டில் சண்டை வேண்டாமே என்று. இப்போது அப்பா வந்து, உள்ளதைச் சொல்லிடணும் என்று ஆரம்பிப்பார். பெட்டி கோளாறு என்பார். நீங்க மறுத்துப் பேசாதீங்க. காலில்தான் குறை என்று நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதீங்க. வெளியாள் முன்னால் இன்னொரு தடவை அவர் அதைக் கேட்கக் கூடாது. ஓட்டிப் பார்க்கணும் என்று கேளுங்க, என்னை ஓட்டச் சொல்வார். எண்பதில் நான் மிதிச்சு மிதிச்சு விடுவேன். வண்டி கத்தும், குதிக்கும். நீங்க முகத்தைச் சுளித்து, ஆமாம் அய்யா, நீங்க சொன்னது சரி, பெட்டிதான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுங்க. அவருக்கு ஒரு நிம்மதி. டீக்கடையிலும் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், நாலு பேர் பார்த்து நாலு பேரும் பெட்டி என்றார்கள் என்று. வடையை நான் பொட்டலம் கட்டித் தருகிறேன், முழு வடை.

வந்துவிட்டார். செருப்புச் சத்தம். மறந்துடாதீங்க.

வாங்கப்பா. ஜெராக்ஸ் கிடைச்சுதா? இல்லப்பா, நான் ஒண்ணும் பேசல. வெயில் எப்படின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

என்னப்பா சொல்றீங்க?

“உள்ளதச் சொல்லிடணும் தம்பி. வண்டியில ஒரு குறையும் இல்ல. எம்பதுல குதிச்சது என் காலு. எம்மக ஓட்டுனா குதிக்காது. அன்னைக்கு மதுர போகையில நான் தூங்கிட்டேன்லா. முப்பத்தொரு வருசத்துல ஒருத்தர் ஓட்டி நான் தூங்குனதில்ல.”

அண்ணாச்சி, நம்பாதீங்க. மாத்திரை போட்டிருந்தார், அதான் தூங்கினார். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டின கால் அது, சுவரில் பாருங்க, மூணு மெடல், அது போய்க் குதிக்குமா? கோளாறு பெட்டியில்தான். நான் பின்சீட்டு நடுவில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன். அம்மா, கரண்டியை வச்சுட்டு வா, எண்பதில் என்ன ஆகும்னு அண்ணாச்சிகிட்ட சொல்லு. அப்பா, நீங்க பேசாம இருங்க. ஏன் ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க?

வண்டிச் சாவியா? அது எங்கே இருக்குன்னு தெரியலையே.

கையில இருக்கிற இதுவா? இது பீரோ சாவி அண்ணாச்சி.